பகற்கனவுக்கு 999 வருஷக் குத்தகை

மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு தன்பாட்டுக்கு அரபிக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வைகையில் பாதி வருஷம் மணல்தான். நடுவில் நிற்கிற மலையைக் குடைந்தால் போச்சு! ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு 1789-லேயே இது தோன்றிவிட்டது. பன்னிரண்டு பேரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். முடியும் என்றார்கள் போனவர்கள். முடியாது என்றது கஜானா.

1808-ல் கும்பெனி சார்பில் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற கேப்டன் பார்த்தார். சுத்தப் பகற்கனவு, இனி யோசிப்பதே வீண் என்று எழுதிவிட்டுப் போனார். கோப்பு நிம்மதியாகத் தூங்கியது. 1850-ல் ஒரு சின்ன அணைக்கு முயன்றவர்களைக் காய்ச்சலும் கூலித் தகராறும் கீழே துரத்தின.

கோப்பைத் தட்டி எழுப்பியது 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஜனம் லட்சக்கணக்கில் செத்ததும் சர்க்காருக்கு ஞானம் பிறந்தது: செத்தவன் தீர்வை கட்டமாட்டான்!

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். அணை கட்ட 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷக் குத்தகை. நம்மூர் வீட்டுக்காரர் பதினோரு மாசத்துக்கு மேல் எழுதித் தருவாரா?

அடுத்த வருஷம் சர்க்கார் எஞ்சினியர் பென்னிகுயிக் அணை வேலையை ஆரம்பித்தார். கட்டியதை வெள்ளம் அடித்துப்போனது. காய்ச்சல் ஆட்களை அடித்துப்போனது. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் கலவை கல்லைப் பிடித்து நிறுத்தியது. ஆட்களைப் பிடித்து நிறுத்தியது சாராயம். அது இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்று அந்தக் காலத்துக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார்.

பென்னிகுயிக் துரை சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை. பணமென்னவோ சர்க்கார் பணம்தான். அதற்காகப் பொங்கலன்று துரை படத்தை விட்டுவிட்டுப் பொதுப்பணித் துறையின் படத்துக்கா மாலை போட முடியும்?

தண்ணீர் முக்கியமாக மதுரைச் சீமைக்கு என்றுதான் திட்டம். ஆனால் பந்தியில் முதல் இலைக்காரனைப் போலக் கூடலூரும் கம்பமும் வழியிலேயே வாங்கிக்கொண்டன. இரு போக நெல் வந்தது. காணி வைத்திருந்தவர் வீட்டில் குதிர் நிறைந்தது. காணி இல்லாதவருக்கு இன்னொரு நடவு, இன்னொரு களையெடுப்பு, இன்னொரு அறுப்பு, அத்தனைக்கும் கூலி. கூலி கைக்கு வந்தால் சந்தையில் கருவாடு விற்கிறவருக்கும் பிழைப்பு.

இதையேதான் உலக வங்கி தன் 2008-ஆம் ஆண்டு அறிக்கையில் கண்டுபிடித்தது: ஏழைகளின் வறுமையைக் குறைப்பதில் விவசாய வளர்ச்சி மற்ற துறை வளர்ச்சியைவிட இரண்டு மடங்காவது பலன் தருமாம். அணை திறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பரவாயில்லை, குத்தகை 2885 வரை இருக்கிறது. அடுத்த அறிக்கைக்கும் அவகாசம் உண்டு.