முத்தின வெண்டைக்காயும் முத்தாத பேராண்டியும்

வாலே, வா. பெட்டிய உள்ள வச்சுட்டு இந்தத் திண்ணையில உக்காரு. ராத்திரி பூரா ரயில்ல வந்தவன் சும்மா உக்காந்தா கண்ணு சொக்கும். இந்தா, இந்த முறத்த மடியில வச்சுக்கோ. சுண்டக்காதான். காம்பக் கிள்ளிக்கிட்டே பேசு, அலுப்புத் தெரியாது.

போன்ல என்னமோ காட்டுதேன்னியே, காட்டு. ஓ, மாடித் தோட்டத்து வெண்டக்காயா? நல்லா ஒசந்து, கோயில்ல ஊதுத கொம்பு மாதிரி இருக்கு. எத்தன நாளா செடியில நிக்கி? 15 நாளா! ஏம்லே பறிக்கல? ஒங்கம்மா வந்து பாக்கட்டும்னா? சரிதான். அவ வந்து பாத்திருந்தா வெறகுன்னு அடுப்புல வச்சிருப்பா.

ஏலே, வெண்ட பூத்த அஞ்சாறு நாள்ல காய் பறிக்கப் பக்குவமாயிரும். நுனிய ஒடிச்சுப் பாரு. டொக்குன்னு ஒடிஞ்சா பறி. வளைஞ்சா அது காய் இல்ல, கயிறு. கடைக்காரன் ஏசுவான்னு தெரிஞ்சும் கடையில நாலு காய ஒடிச்சுட்டு வார. சொந்தச் செடியில ஒடிக்க மட்டும் ஒனக்கு மனசு வரல.

செடி காய்க்கது ஒனக்குச் சாம்பார் வைக்க இல்லலே, அதுக்கு வெதை வேணும். ஒரு காய முத்த விட்டேன்னு வையி, வந்த வேல முடிஞ்சுதுன்னு பூக்குறதக் கொறச்சுக்கிடும், ரிட்டயர்டு வாத்தியார் மாதிரி. ஒண்ணுவிட்டு ஒரு நாள் பறிச்சுக்கிட்டே இருந்தா, இன்னும் வெதை சேரலயேன்னு ஏமாந்து ஏமாந்து பூக்கும். பறிக்காத கைக்குக் காய் வராது.

செலவு எவ்வளவுன்ன? பை, தென்னநாரு தூளு, பச்ச வலை, பூவாளி எல்லாம் சேத்து 8000 ரூவாயா? பறிச்சது மொத்தம் 16 காயா? அப்ப காய் ஒண்ணு 500 ரூவா. அதையும் முத்த விட்டுப் படம் எடுத்திருக்க. எடுத்து பேங்கு லாக்கர்ல வச்சிருக்கலாம்லா?

அவரைக்கு வருவோம். போன சித்திரையில கொடியவர வெதை கேட்ட. ஆடி வரட்டும்லேன்னேன். நீ கேப்பியா, ஊருக்குப் போன வாரமே போட்டுட்ட. பொறவு மாசம் ஒரு போன். "தாத்தா, எலையாவே வருது, என்ன ஒரம் போட?" அதுக்கு வேண்டியது ஒரம் இல்லலே, ராத்திரி. பகல் கொறஞ்சு ராத்திரி நீண்டாத்தான் கொடியவரைக்குப் பூக்குற நெனப்பே வரும். நீ சித்திரையில போட்டாலும் ஆடியில போட்டாலும் அது பந்தல் நெறையக் காய்க்கது தையிலதான். எடையில மூணு மாசம் நீ தண்ணி சொமந்ததுதான் மிச்சம். ஒரத்தக் கூட்டக் கூட்ட எலைதான் கூடும். குத்துச்செடியா நிக்கித அவர ஒண்ணு இருக்கு, அது எந்தப் பட்டத்துலயும் காய்க்கும். அவசரக்காரன் அதக் கேட்டு வாங்கியிருக்கணும். ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு பெரியவங்க சொன்னது, தேதி கிழிக்கித காலண்டருக்கு அடியில அச்சடிக்கவா?

பொறவு பூசணிப் பூவெல்லாம் கொட்டுதுன்னு அழுத. மொதல்ல வாரதெல்லாம் ஆம்பளப் பூலே. கல்யாண வீட்டுல பந்தல் போடும்போதே வந்து நிக்கித எளவட்டங்க மாதிரி. நிக்கும், வாடும், விழும். பொம்பளப் பூ பின்னாலதான் வரும். பூவுக்கு அடியில குட்டிப் பூசணியா ஒரு முண்டு இருக்கும், அதுதான் அடையாளம். இங்கன தேனீ, வண்டு எல்லாம் தரகு பாக்கும். ஒன் ஆறாவது மாடிக்கு அதுக லிப்டுல வருமா? நீதான் தரகர். ஆம்பளப் பூவப் பறிச்சு இதழ உரிச்சுட்டு, நடுவுல இருக்க மஞ்சப் பொடிய பொம்பளப் பூவுல தடவணும். ஆனா பூசணி விடியக்காலம் விரிஞ்சு உச்சிக்குள்ள சுருங்கிரும். நீயோ ஒம்பது மணிக்கு எந்திரிக்க. நீ பல்லு வெளக்கி முடிக்கதுக்குள்ள முகூர்த்தம் தப்பிருது. பேசாம சுரை போடு. அது சாயங்காலம் பூக்கும். ஆபீஸ் விட்டு வந்து நிதானமாத் தாலி எடுத்துக் குடுக்கலாம்.

ஏலே, வாயப் பாத்துக்கிட்டு கைய நிறுத்திட்டியே. சரி, கிள்ளுனது போதும். அந்தக் குழவிய எடுத்து ஒவ்வொண்ணா ஒரு தட்டுத் தட்டு. கூழாக்கிராத, வாய் பொளந்தாப் போதும். கண்ணுல வெதை தெறிக்கும், பாத்து.

கத்தரிக் கொழுந்து தலையத் தொங்கப் போட்டுருச்சுன்னு தண்ணிக்கு மேல தண்ணி ஊத்துனியாமே, ஒங்கப்பன் சொன்னான். அது தாகம் இல்லலே. தண்டுக்குள்ள புழு பூந்திருக்கு. நீ ஊத்துன தண்ணி அவனுக்குச் சர்பத்து. வாடுன நுனிய ஒரு சாண் கீழ வெட்டி, புழுவோட சேத்து நசுக்கிரணும். விட்டா அடுத்தாப்புல காய்க்குள்ள குடியேறிருவான். செடிய வெட்டப் பாவமா இருந்துச்சா? புழுவு ஒன்னப் பாத்து அப்பிடி யோசிக்கல பாத்தியா. காய்ப்பு ஓஞ்ச கத்தரியையும் புடுங்கி எறியாத. கிளையக் கழிச்சுவிட்டு ஒரத்தப் போடு, மறுதாம்பு தழைச்சு வந்து இன்னொரு வாட்டி காய்க்கும்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. காய்க்காத தோட்டத்துல ஒரு பாடும் இல்ல. காய்க்கிற தோட்டத்துலதான் பாடு. திடீர்னு ஒரு வாரம் எல்லாம் கூடிக்கிட்டு வந்து நிக்கும். அப்ப என்ன செய்வ? பக்கத்து வீட்டுல குடுப்ப. மொத வாரம் சிரிப்பாவ. ரெண்டாம் வாரம் கூடையப் பாத்ததும் கதவத் தெறக்க மாட்டாவ. மிச்சத்த பிரிட்ஜுல திணிச்சு, கொழகொழன்னு ஆனதும் குப்பையில போடுவ. எடையில நாலு நாள் அது உள்ள இருந்ததுக்குக் கரண்டு பில்லு வேற.

இந்த மாசி, பங்குனி வெயிலப் பாரு, சும்மா கொட்டுது. மிஞ்சுனத வத்தல் போடுலே. சீனியவரைக்காய உப்புப் போட்ட தண்ணியில அரை வேக்காடு வேக வச்சு, வடிச்சு, பாயில பரத்து. வெண்டைக்காயக் கண்டம் போட்டு, உப்புத் தயிருல பெரட்டிக் காய வையி. நீ தட்டுத சுண்டக்கா இருக்குல்லா, அதத் தண்ணியில அலசுனா வெதையோட கசப்பும் பாதி போயிரும். பொறவு உப்புப் போட்ட புளிச்ச மோர்ல ராவெல்லாம் கெடக்கணும். காலையில வெயில்ல, அந்தியில திரும்ப அதே மோர்ல. மோர் பூரா காய்க்குள்ள ஏறுத வரைக்கும் இந்த நடைதான். அப்புறம் வெறும் வெயில்.

காஞ்சுதான்னு எப்பிடிப் பாக்க? அதுக்கும் ஒடிக்கதுதான். சடக்குன்னு ஒடியணும். பச்சையில வெண்டக்கா ஒடியணும், காஞ்சா வத்தல் ஒடியணும். வளையுதது ரெண்டும் ஆகாது. வளையுத வத்தல ஜாடியில போட்டா பூசணம் பூக்கும், அது ஒண்ணுதான் ஒன் வீட்டுல தன்னால பூக்கும். வெயில்ல இருந்து எடுத்த சூட்டோடயும் அடைக்காத, வேர்த்துரும். ஆற வச்சு அடை. ஈரக் கைய விடாத. ஐப்பசி அடைமழையில மார்க்கெட்டுல காய் வெல கேட்டு எல்லாரும் திரும்பி வரும்போது, நாலு வத்தல எண்ணெயில போட்டுப் பாரு, அது வாசத்துல அந்தக் கதவத் தெறக்காத வீட்டுக்காரவளும் எட்டிப் பாப்பா.

அந்த 15 நாள் வெண்டக்காய்க்கும் ஒரு வழி இருக்கு. எறிஞ்சுராத, செடியிலயே காஞ்சு வெடிக்கட்டும், வெதைக்கு ஆகும். ஆனா கடையில வாங்குன வீரிய வெதைன்னா பிரயோசனமில்ல, பிள்ளை அப்பனப் போல வராது. ஒன்னப் பாத்தா ஒங்கப்பனும் அப்பிடித்தான் சொல்லுதான். நாட்டு வெதைன்னா நல்ல காயாப் பாத்து ஒண்ணுக்குத் துணியக் கட்டி விடு. பெரிசையெல்லாம் தின்னுட்டுச் சொத்தைய வெதைக்கு விட்டா, அடுத்த வருசம் தோட்டம் பூரா சொத்ததான் பந்தி வைக்கும்.

எல்லாத்துக்கும் நேரம்தான்லே கணக்கு. வெதைக்க ஒரு நேரம், பறிக்க ஒரு நேரம், காய வைக்க ஒரு நேரம். முறம் காலியாயிட்டா? நல்ல பிள்ளை. இத நேத்தே என்னத் தட்டி வைக்கச் சொல்லிட்டுத்தான் ஒங்க ஆச்சி தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போனா. நாளைக்கு ஆகட்டும்னு விட்டுட்டேன். நீ காலம்பற ரயில்ல வாரேன்னு சொல்லியிருந்தியே!

அவ பதினோரு மணி பஸ்ஸுல வந்துருவா. கேட்டா தாத்தாதான் தட்டுனாருன்னு சொல்லு. கைய இப்பக் கழுவிராத, இங்கன வா. அந்தக் கறைய என் கையில ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சுட்டுப் போ.