ரத்தம் குடுக்க முந்தி

ஏல மருமவனே, வா, இந்தத் திண்ணையில உக்காரு. பைக் சாவியை எங்கெயோ வெச்சிட்டு நேத்துப் பூரா அலைஞ்சியாமே? அதுக்கு, மூளைக்கு ரத்தம் சோதிக்கணும்னு டாக்டருக்குப் போன் வேற போட்டியாம். உங்க அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. ஒனக்கு முப்பத்திநாலுதானல ஆவுது?

அந்தச் சங்கதியை நானும் பேப்பர்ல எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அல்சைமர்ங்கிற மறதி நோயில மூளையில அமிலாய்டுன்னு ஒரு புரதம் கசடாப் படியுமாம். டௌன்னு இன்னொண்ணு நூல் சிக்கு மாதிரி முறுக்கிக்கிடுமாம். அந்த டௌவுல ஒரு வகை, பி-டௌ217ன்னு பேரு, ரத்தத்துல வந்து எட்டிப் பாக்குதாம். அதை அளக்கான். முன்ன முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும், இல்ல குகை மாதிரி மிஷினுக்குள்ள படுக்கணும். இப்பக் கையில ஒரு குத்து. 2025 மே மாசம் அமெரிக்காவுல அனுமதியும் குடுத்தாச்சு.

ஸ்வீடன்ல மறதின்னு வந்த 1,200 சொச்சம் பேரை வெச்சுப் பாத்திருக்கான். அல்சைமரா இல்லையான்னு பொது டாக்டர்மாரு சொன்னது நூத்துக்கு 61 சரி. அதுலயே ஊறின ஸ்பெஷலிஸ்டுக 73. ரத்தம் 91! படிச்ச படிப்பைவிட ஒரு சீசா ரத்தம் வெவரமா இருக்கு பாத்தியா.

நல்ல காரியந்தான், நான் வேண்டாம்னா சொல்லுதேன்? ஆனா அந்த அனுமதியில என்ன போட்டிருக்கான், படிச்சியா? நடு வயசு தாண்டியிருக்கணும், மறதி நெசமாவே தெரியணும், அதுக்குன்னு உள்ள டாக்டர்தான் பாக்கணும். சும்மா கெடக்கிறவனுக்கு இல்ல. கிட்னி மந்தமா இருந்தா அளவு கூடிக் காட்டுமாம். அஞ்சுல ஒருத்தருக்கும் கொஞ்சம் கம்மியான பேருக்கு, ஆமாவும் இல்லாம இல்லயும் இல்லாம வருமாம், நீ பொண்ணு பாக்கப் போன வீட்டுல சொன்ன மாதிரி.

மறதின்னாலே அல்சைமர்னு ஏம்ல நெனைக்க? பி12 கொறஞ்சாலும் மறக்கும், தைராய்டு படுத்தாலும் மறக்கும், விடிய விடியப் போனை நோண்டினாலும் மறக்கும். மொத ரெண்டும் ஒனக்கு இருக்கோ என்னமோ, மூணாவது இருக்குன்னு அத்தை சொல்லுதா.

சரி, ஊசி இல்லாம நான் ஒரு சோதனை வைக்கேன். போன கோயில் கொடைக்கு எங்கிட்ட எட்டாயிரம் வாங்கினியே, நெனப்பிருக்கா?

என்னல, அதுக்குள்ள எந்திரிக்க? சாவி கெடச்சிட்டாக்கும்?