தைப்பனியும் கக்கூஸ் பைப்பும்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கனடாவில் சக்கரம் பூட்டிய வீடுகளில் ஊர் சுற்றுகிறவர்கள், குளிர்காலம் பிறக்குமுன் ஒரு சடங்கு செய்வார்கள். வண்டியின் தண்ணீர்த் தாங்கிகளை வடிப்பார்கள். பைப்புகளுக்குள் காற்றடிப்பார்கள், அல்லது புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஏற்றுவார்கள். டாப்பைத் திறந்தால் சிவப்பு வர வேண்டும், அதுதான் அடையாளம். கடைசியாகக் கக்கூஸுக்கும் ஒரு குவளை வார்த்து, வண்டியைப் பூட்டிவிட்டுக் கணகணப்பான வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆளே இல்லாத கக்கூஸுக்குக் குளிரக் கூடாது என்பதில் அவ்வளவு கரிசனம்.

நம் இலங்கை மலையகத்தின் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் அங்கும், அம்பேவெலப் பக்கமும் புல்லில் உறைபனி பூக்கிறது. ஆயினும் நம் பைப்புக்கு யாரும் மருந்து வார்ப்பதில்லை. இது அலட்சியமா, ஞானமா என்பதே ஆய்வு வினா.

2. பைப் வெடிக்காததன் காரணங்கள்

முதற்காரணம் பௌதிகம். உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். பைப்பின் நடுவே பனிக்கட்டி அடைத்துக்கொள்ள, அதற்கும் மூடிய டாப்புக்கும் இடையே அகப்பட்ட தண்ணீர் நெருக்குண்டு பைப்பைப் பிளக்கும். அதற்குக் கடுங்குளிர் நின்று நிலைக்க வேண்டும். நம் பனிக்கோ அந்தப் பொறுமை இல்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று பாரமேறிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் பள்ளத்துத் தேயிலைக் கொழுந்து கருக, மேட்டுக் கொழுந்து தப்பிக்கிறது. புல்நுனி பூச்சியத்துக்குக் கீழே போன நேரத்திலும், ஆள் மட்டத்தில் தொங்கும் வெப்பமானி 2, 3 பாகை காட்டிக்கொண்டிருக்கும். வருடச் சராசரி 16 பாகையானபடியால் மண்ணுக்குள் சூடு இருக்கிறது. வெயில் ஏறியதும் பனி போன இடம் தெரியாது.

இரண்டாவது காரணம் வாஷர். குளிர் நாடுகளில், கடுங்குளிர் இரவில் டாப்பைச் சற்றே ஒழுக விடும்படி சொல்வார்கள். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது, நெருக்கமும் ஏறாது. நம் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலிக்கு மூடியே கிடையாது. இரவு பகலாக ஓடுகிறது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் டாப்புக்கு மூடி உண்டு, ஆனால் வாஷர் தேய்ந்திருக்கும். ஆக, மேல்நாட்டார் சில இரவுகளில் மட்டும் கைக்கொள்ளும் தொழில்நுட்பத்தைத் தோட்டம் வருடம் முழுவதும், செலவே இல்லாமல், கைக்கொண்டு வந்திருக்கிறது.

3. அப்படியானால் உறைவது எது?

ஒப்பீடு தேவை. 30 அடி நீளமும் 8 அடி அகலமுமான வண்டி 240 சதுர அடி, கக்கூஸ் உள்ளே. பழைய லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி, கக்கூஸ் வெளியே. அங்கே வீடு ஓடுகிறது, கக்கூஸும் கூடவே ஓடுகிறது. இங்கே வீடும் கக்கூஸும் நின்ற இடத்தில் நிற்க, ஆள் ஓடுகிறார்.

வீட்டுக்கும் கக்கூஸுக்கும் இடையிலான இந்தத் தூரத்துக்கு வரலாறு உண்டு. தோட்டங்களில் கக்கூஸ் கட்ட வேண்டுமென்ற பேச்சு சூடுபிடித்ததில் கொக்கிப்புழுவுக்குப் பெரும் பங்குண்டு. 1910களில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைக்கு வந்தது. மருந்து கொடுத்தால் புழு போகும். கக்கூஸ் இல்லையேல் திரும்ப வரும் என்பது அதன் பாடம். ஆகவே கக்கூஸ் புழுவை நினைத்துக் கட்டப்பட்டது. குளிரில் நடுங்கும் மனிதர் திட்டத்தில் இல்லை.

உடலியலும் கைவிடுகிறது. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்தம் உள்ளே ஒதுங்க, சிறுநீரகம் கூடுதல் தண்ணீரைக் கழித்துவிடுகிறது. போகத் தயங்கும் இரவில்தான் போகும் தேவை கூடுகிறது.

4. சிந்தனைப் பள்ளிகள்

லயங்களில் மூன்று பள்ளிகள் உண்டு. முன்னிரவுவாதிகள் படுக்குமுன்பே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார்கள். பின்னேரத் தேத்தண்ணியை இவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். விடியல்வாதிகள் வெயிலுக்குக் காத்திருப்பார்கள். ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டு இவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. மூன்றாமவர் அடக்குமுறைவாதிகள், கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபடியே கொள்கையைக் காப்பவர்கள். இவர்களுள் எவரும் எழுபது வயது தாண்டியவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

5. கலவை விதி

பைப்புக்கு இல்லாத உறைதடுப்பு மனிதருக்கு உண்டு. கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, அடுப்பில் புகைய, கரி படிந்த கேத்தல் மூடி தாளம் போடும். "அப்பாயி, இன்னும் சுடலையா?" என்று கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். "பச்சத் தண்ணி ஊத்துனா இப்பவே போலாம்" என்று பதில் வரும். அத்துடன் விவாதம் முடியும்.

இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பீலித் தண்ணீர் 10 பாகை என்று வைத்துக்கொண்டால், கொதித்தது ஒரு செம்புக்குப் பச்சைத் தண்ணீர் மூன்று செம்பு சேர, வாளியில் 31 பாகை கிடைக்கும். அப்பாயி கணக்குப் போடுவதில்லை. சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறார். ஆனால் வாளி கக்கூஸ் போய்ச் சேருமுன் அதில் சில பாகைகள் வழியிலேயே போய்விடும். சமன்பாட்டில் மீண்டும் தூரம்தான் குறுக்கே நிற்கிறது.

6. முடிவும் பரிந்துரையும்

பைப்புக்கு மருந்து வேண்டாம். வீட்டுக்கும் கக்கூஸுக்கும் கூரையைப் பொதுவாக்கினால் போதும். வீட்டுக் கூரைதான் இப்பிரதேசத்துக்கு ஏற்ற உறைதடுப்பு. இந்திய உதவியோடு 7 பேர்ச்சஸ் காணியில் எழுந்த 550 சதுர அடித் தனி வீடுகள் இந்த விதியை ஒத்துக்கொண்டுவிட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவை கட்டி முடியும்வரை ஆய்வுக்களம் திறந்தே இருக்கும். ஐயமுடைய அறிஞர்கள் தை மாதத்தில், விடியற்காலை நாலு மணிக்கு வந்து பரிசோதித்துக்கொள்ளலாம். வாளி நாங்கள் தருவோம். சுடுதண்ணிக்கு அப்பாயியிடம்தான் கேட்க வேண்டும்.