பரணில் ஒரு நஷ்டக் கணக்கு

உலகுக்கே வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தந்த ஜப்பானியப் பெண்மணி மரியே கோண்டோ, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு அதை ஓரளவு கைவிட்டதாக 2023-ல் சொன்னார். கோயம்புத்தூரில் பிறந்திருந்தால் தொடங்கியே இருக்க மாட்டார். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. காயில் கட்டவும் கல் கொத்தவும் ஆள் உண்டு. ஆகவே இங்கே எந்தப் பொருளும் சாவதில்லை, பரணேறி ஓய்வெடுக்கிறது. பொங்கலுக்கு முன் சுத்தம் செய்கிறோமே என்பீர்கள். உண்மைதான்: வெள்ளையடித்து, பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகிக் காப்புக் கட்டுகிறோம். கிழிந்த பாய் வெளியேறும். மூடி தொலைந்த மிக்ஸி ஜார் மட்டும் அசையாது. அது சிக்கனமாச்சே என்றால், சிக்கனக்காரர் ரிப்பேர் செய்து ஓட்டியிருப்பார். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கும் விலை, வாங்கிய விலையை நினைவூட்டுகிறது. வரவு செலவில் கெட்டியான ஊரில், கணக்கில் எழுத மனம் வராத நஷ்டங்களுக்குத்தான் பரண் கட்டுகிறார்கள்.