ரிலீஸே ஆகாத கேம்: கேள்வி-பதில்

மயிலாப்பூர் வாசகர்: ரிலீஸ் ஆன பழைய வீடியோ கேமையே இன்று யாரும் சீண்டுவதில்லை. ரிலீஸே ஆகாததை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?

ஆனதன் கதியை முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் அறிவித்தது. ஆனாலும் விற்ற கேமுக்கு எந்த வீட்டிலாவது ஒரு பிரதி மிஞ்சும். விற்காததற்கு உலகத்திலேயே ஒன்றோ இரண்டோதான். அதுவும் எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரின் பரணில்!

தி.நகர் வாசகி: வெளிவராத கேமின் ப்ரோட்டோடைப், அதாவது முன்வடிவ கேசட்டும் நாம் ஊதி ஊதிப் போட்ட கேசட்டும் ஒன்றா?

உருவம் ஒன்று, உள்ளே வேறு. கடை கேசட்டில் இருப்பது தொழிற்சாலையிலேயே எழுதி முடித்த சிப். அதை மாற்றி எழுத முடியாது. ப்ரோட்டோடைப்பில் பெரும்பாலும் ஈப்ராம் சிப் இருக்கும். அதன் நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல். புற ஊதா ஒளி காட்டினால் பழையது அழியும், புதிதாக எழுதலாம். அதனால்தான் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் உரிந்து வெயில் பட்டால் கேம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி. வெயிலே படாவிட்டாலும் உள்ளே தேக்கிய மின்னூட்டம் சில பத்தாண்டுகளில் கசிந்துவிடும். எப்படியும் வடாத்தோடு சேர்த்து மாடியில் காய வைக்காதீர்கள்.

அடையாறு வாசகர்: பிறகு எப்படித்தான் காப்பாற்றுகிறார்கள்?

சிப்பிலோ டிஸ்கிலோ உள்ளதை ஒரு பைட் விடாமல் படித்து, கம்ப்யூட்டரில் கோப்பாக ஏற்றிவிடுவார்கள். அவர்கள் பாஷையில் 'டம்ப்'. ஹிடன் பேலஸ் என்ற ஆர்வலர் குழு 2021 மார்ச்சில் ஒரே மூச்சில் 700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 2 முன்வடிவங்களை வெளியிட்டது. கிறிஸ் ஓபர்ட் என்ற நிரலாளர் 2012இல் இறந்தார். நிண்டெண்டோ பெட்டிக்காக அவர் எழுதி, வெளிவராமலே போன 'டேஸ் ஆஃப் தண்டர்' கேமின் நிரல் அவருடைய பழைய ஃப்ளாப்பிகளில் கிடந்தது. 2020இல் அதை எடுத்துத் தொகுத்து ஓடவே வைத்துவிட்டார்கள்.

ஆழ்வார்பேட்டை வாசகர்: பெரும் விலைக்கு வாங்கி லாக்கரில் வைப்பதும் பாதுகாப்புதானே?

நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து தொடங்கிக் கைவிட்ட பிளேஸ்டேஷன் பெட்டியின் முன்வடிவம் 2020இல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. பெட்டிக்கு லாக்கர் போதும், ஈப்ராமுக்குப் போதாது. கசிவுக்குப் பூட்டு தெரியாது. பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்குள்ள ஓலை ஏடுகள் நம் காலம் வரை வந்தது பூஜையறையில் இருந்ததால் அல்ல. நைந்து போவதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பிரதி செய்ததால். பூஜித்தவர்களில் சிலர் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள்.

மந்தைவெளி வாசகி: பிழை மலிந்த அரைகுறை கேமில் பார்க்க என்ன இருக்கிறது?

எதை வெட்டினார்கள் என்பது இருக்கிறது. 'சோனிக் 2' கேமின் முன்வடிவம் ஒன்று 1999இல் அகப்பட்டது. கடைக்கு வந்த கேமில் இல்லாத ஹிடன் பேலஸ் என்ற கட்டம் அதில் இருந்தது. மேலே சொன்ன குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? முடிந்த கேம் முடிவை மட்டும்தான் காட்டும். தயக்கம், சண்டை, கடைசி நேர அவசரம் எல்லாம் அரைகுறையில்தான் தெரியும்.

கோடம்பாக்கம் வாசகர்: சினிமாவில் இந்தக் கதை உண்டா?

உங்கள் பேட்டையில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! 1997இல் தரமணி ஃபிலிம் சிட்டியில் எலிசபெத் ராணி வந்து தொடங்கிவைத்த 'மருதநாயகம்' இன்னும் வரவில்லை. 1931இல் ஊரே திரண்டு பார்த்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' படத்துக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ரிலீஸ் ஆனது என்பது பிழைத்தது என்பதற்குச் சான்றிதழ் இல்லை.

ராயப்பேட்டை வாசகர்: கன்னிமாரா நூலகத்தில் கேம் கிடைக்குமா?

புத்தகம் வெளியிட்டால் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி தரவேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். 1956இல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். கேமை அதில் சேர்க்கவில்லை. கனடாவில் குடியேறிய தமிழ் அம்மா சிதைந்த சமையல் குறிப்பை ஊகித்து ஊகித்து இட்லி வார்க்கும் 'வெண்பா' கேம் 2023இல் டொரண்டோவிலிருந்து வந்தது. நாளை அதே கேமைச் சென்னையில் செய்தாலும் அலமாரியில் இடம் கேட்க அதற்குச் சட்டம் இல்லை.

நந்தனம் வாசகர்: டம்ப் செய்து ஊருக்கே கொடுப்பது திருட்டில்லையா?

முறையாக வைத்திருக்கும் மென்பொருள் அழிந்துபோகாமலிருக்க நகல் எடுத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. ஊருக்குப் பரிமாறுவது அதில் அடங்காது. ஆனால் ஒரு வேடிக்கை: நிண்டெண்டோ 1990இல் ஆங்கிலமாக்கிவிட்டுக் கைவிட்ட 'மதர்' கேமை, முன்வடிவ கேசட்டிலிருந்து 1998இல் ரசிகர்கள் டம்ப் செய்தார்கள். 2015இல் அதையே நிண்டெண்டோ விலைக்கு விற்றது. திருட்டு விசிடி முதலில், தியேட்டர் 17 வருஷம் கழித்து!

சைதாப்பேட்டை வாசகர்: என் வீட்டுப் பரணிலும் கேசட்டுகள் இருக்கின்றன. லட்சாதிபதி ஆவேனா?

மேலே '9999 இன் 1' என்று போட்டிருந்தால் ஆகமாட்டீர்கள். ஒரே மாரியோ பல பெயரில் வருவார், அவ்வளவுதான். 2000களில் ஜாவா ஃபோனுக்கு கேம் எழுதிய கம்பெனியில் நீங்களோ மச்சினரோ வேலை பார்த்திருந்தால் மட்டும் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடுங்கள். லட்சம் வராது. ஆனால் பழைய பேப்பர்காரர் வருவார். அதற்குள் நகல் எடுத்துவிடுங்கள்.