ஆவடிவாசி அமரத்தக்க ஜன்னல்: ஓர் ஆய்வு

விமானத்தில் ஜன்னல் இருக்கை கேட்பது இயற்கைக் காட்சிக்காக என்பார் ஒருசாரார். அது பொருந்தாது என்க. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் ஜன்னலுக்கு ஏங்குவது தம் வீட்டு மொட்டைமாடியையும் அதன்மேல் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியையும் வானிலிருந்து காண்பதற்கே. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம்பிடித்த மரபில் வந்தவர்கள், இன்று வெப் செக்-இன் எப்போது திறக்கும் என்று காத்திருந்து, தனிக் காசும் கட்டி அந்த இடத்தைப் பிடிக்கிறார்கள். எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதில் மட்டும் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் பயன்.

முதலில் காற்று. மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதைக்கு இரண்டு எண்கள். கிழக்கு நோக்கி இறங்கினால் 07, மேற்கு நோக்கி இறங்கினால் 25. 70 பாகை, 250 பாகை என்ற திசைக்கணக்கின் சுருக்கம் அது. விமானம் காற்றை எதிர்த்து இறங்குவது. ஆகவே வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து வந்து 07-இல் இறங்கும். அப்போது வடக்கு இடக்கைப் பக்கம் விழுவதால், நம்மவர்க்கு உரியது 'ஏ' இருக்கை. தென்மேற்குக் காற்றுக் காலைகளில் கடல்மேல் வந்து 25-இல் இறங்கினால் வலப்பக்கம் மெரினா கிட்டும். அது மயிலாப்பூரார் பாடு. ஆனால் அதே 25-இல் கிளம்பும்போது மேற்குப் புறநகர் 'எஃப்' பக்கம் போய்விடும். எக்காலத்தும் 'ஏ'வே சிறந்தது எனும் ஏகாரவாதிகள் இவ்விடத்தில் தோற்கிறார்கள்.

சரி, வீடு தெரியுமா? விமானம் இறங்கும் சரிவு ஏறத்தாழ 3 பாகை. ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னால் அது 500 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆவடியோ அங்கிருந்து 15 கிலோமீட்டருக்கும் அப்பால். கண்ணை 2 பாகைகூடத் தாழ்த்த வேண்டியதில்லை. அந்தக் கோணத்தில் ஒரு தொட்டிக்கும் இன்னொரு தொட்டிக்கும் வேற்றுமை கிடையாது. தம் வீட்டைக் கண்டதாகச் சாதிப்போர் அனைவரும் பிறர் வீட்டைக் கண்டவர்களே.

எஞ்சுவது ஏரி. 'ஏ' ஜன்னலின் முதல் பரிசு செம்பரம்பாக்கம்: முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அதன் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பெருக்கெடுத்தபோது விமான நிலையமே சில நாள் மூடிக்கிடந்தது. நல்ல மழைக்குப் பின் வரும் ஜனவரியில் இவ்வேரியைக் காண்பவர் பேறு பெற்றவர்; வறண்ட ஆண்டின் மே மாதத்தில் வருபவர் செம்மண்ணைக் கண்டு திரும்புவார். 25-இல் கிளம்பி வலப்பக்கம் வடக்கே திரும்பும் டெல்லி, ஹைதராபாத் விமானங்களில் பேறு இன்னும் பெரிது. அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு என்று ஏரி ஏரியாகக் கடந்து புழல்வரை கண் போகலாம். தரையில் அம்பத்தூர்க்காரருக்கு ஏரி என்பது ஒரு சுற்றுச்சுவரும் அறிவிப்புப் பலகையும்தான். மேலே போனால்தான் வீடுகள் ஏரிகளுக்கு நடுவே இடுக்கில் குடியிருப்பது விளங்குகிறது. வீட்டுமனை விளம்பரத்தில் இந்தப் படத்தை ஏன் போடுவதில்லை என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இறக்கை பற்றியும் ஒரு சொல். ஏர்பஸ் 320-இல் நடு வரிசையில் அமர்ந்தவர் காண்பது இறக்கையை மட்டுமே. போயிங் 737-இன் இடப்பக்கம், இறக்கைக்குச் சற்று முன்னே, குளிர்காற்றுக் குழாய் ஏறும் இடத்தில் ஜன்னல் இல்லாத ஜன்னல் இருக்கை ஒன்றுண்டு. அதற்கும் காசு கட்டியவர்கள் உளர். தூத்துக்குடி, சேலம் மார்க்கத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72-இல் இறக்கை தலைக்கு மேலே, பறப்பதும் தாழ்வாக. அதனை நகரப் பேருந்து என்று இகழ்வோர் காட்சி அறியாதவர்.

07-இல் இறங்கும்போது 'எஃப்' தாம்பரத்தார்க்கு உரியது; அவர்களோடு நமக்கு வழக்கில்லை. போரூர் ஏரியைக் காட்டி இதுதான் செம்பரம்பாக்கம் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னால் மறுக்க வேண்டாம். அவரும் ஆவடிக்காரர் என்றால், மீனம்பாக்கத்திலிருந்து டாக்சிக்குப் பாதிக் காசு கொடுக்கப்போகிறவர் அவர்.