முதலில் எடைமேடை, அப்புறம் லிஃப்ட்!

பிக்கப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இந்த முறை முழுப் பகுதியும். சஸ்பென்ஷன் லிஃப்ட், டயர் இரண்டைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் காசு விழுங்குகிற சமாச்சாரம். தப்பாகச் செய்தால் உயிரையும் கேட்கும். அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கியிருக்கிறேன். முதலில் லிஃப்ட் போடுவதா, டயர் மாற்றுவதா?
– தென்னந்தோப்புக்காரர், பொள்ளாச்சி

இரண்டும் இல்லை. முதலில் எடைமேடைக்குப் போங்கள். டேங்க் நிறைய டீசல், வீட்டு ஆட்கள், பின்னால் தேங்காய் மூட்டை, மோட்டார் சாமான் என்று வழக்கமாக எப்படிப் போவீர்களோ அப்படியே வண்டியை ஏற்றி, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனியாக எடைச்சீட்டு வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் இமு போன்ற நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்தால், ஒரே வண்டிக்குப் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் பல வகையில் இருக்கும். சுமையில்லாத வண்டிக்கு ஒன்று, எப்போதும் சுமை ஏற்றும் வண்டிக்கு ஒன்று, அதைவிடக் கனமானதற்கு இன்னொன்று. வெறும் வண்டிக்குக் கனத்த பட்டை போட்டால் முதுகெலும்பு புகார் செய்யும். சுமைவண்டிக்கு இளகிய பட்டை போட்டால், காசு கொடுத்து உயர்த்திய 2 அங்குலமும் மூட்டை ஏறியதும் காணாமல் போய்விடும்.

எடை தெரிந்த பிறகு, போகிற பாதைக்கு ஏற்ற டயர். அந்த டயர் மட்கார்டில் உரசாமல் திரும்பவும், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கவும் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் லிஃப்ட். எடை, டயர், லிஃப்ட் என்கிற இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறார்கள். இன்னொன்று: லிஃப்ட் போட்டதால் வண்டி சுமக்கலாம் என்று அனுமதித்த எடை ஒரு கிலோகூடக் கூடாது.

2 அங்குல லிஃப்ட் போட்டும் பின்பக்க டிஃபரென்ஷியல் பாறையில் இடிக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– மிளகுத் தோட்டக்காரர், கொல்லிமலை

அவரைத் திட்டாதீர்கள். வேட்டியை மடித்துக் கட்டினால் துணி மேலே போகும். பாதம் சேற்றில்தான் நிற்கும். பாதம் உயர வேண்டுமென்றால் செருப்பு கனமாக வேண்டும். பிக்கப்பின் பின் ஆக்சில் ஒரே முழு உருளையாக இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கிடக்கிறது. ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கும் சேஸிஸையும் பாடியையும்தான் தூக்கும். ஆக்சிலின் உயரத்தைத் தீர்மானிப்பது டயர் ஒன்றுதான்.

அதிலும் டயர் எவ்வளவு வளர்கிறதோ அதில் பாதிதான் ஆக்சிலுக்குக் கிடைக்கும். 265/65 ஆர்17 டயரின் மொத்த உயரம் 776 மில்லிமீட்டர். 265/70 ஆர்17-க்குப் போனால் 803. வித்தியாசம் 27 மில்லிமீட்டர். உங்கள் டிஃபரென்ஷியல் உயர்வது 13 மில்லிமீட்டர்.

லிஃப்ட் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காது, முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாது, இறங்கும்போது வால் உரசாது. முன்பக்க டிஃபரென்ஷியல் சேஸிஸோடு சேர்ந்திருப்பதால் அதுவும் உயரும். பின் ஆக்சிலுக்கு மட்டும் ஒரே வழிதான்: பாறையைச் சக்கரத்தின் மேல் ஏற்றுங்கள், நடுவில் விடாதீர்கள்.

டயர் பக்கவாட்டில் 265/65 ஆர்17 112எஸ் என்று போட்டிருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?
– பாலிடெக்னிக் மாணவர், திருநெல்வேலி

டயர் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 172 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. 112 என்பது சுமைக்குறியீடு: ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எஸ் என்பது வேகக்குறியீடு: மணிக்கு 180 கிலோமீட்டர் வரை.

112-ஐ மறந்துவிடாதீர்கள். கடையில் பலரும் அகலத்தையும் பட்டன் அழகையும் பார்த்துவிட்டு இந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். சுமை ஏற்றும் வண்டிக்கு இதுதான் உயிர்நாடி. ஆலை கொடுத்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது.

டி.ஓ.டி. எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி 4 இலக்கங்களையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்த டயர். புது டயர் விலை கொடுக்கும்போது பிறந்த தேதியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மட் டெரெய்ன் டயரின் முரட்டுத் தோற்றம் மிகவும் பிடித்திருக்கிறது. தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போடலாமா?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

தேசிய நெடுஞ்சாலையில் சேறு எங்கே இருக்கிறது? மட் டெரெய்ன் டயரில் ரப்பர் கட்டிகள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருப்பது, சேற்றை வாரி வெளியே எறிவதற்காக. கோவில்பட்டிப் பக்கம் மழைநாளில் கரிசல் மண்ணில் வண்டி இறக்குபவருக்கு அது வரம். ஈரமான தார்ச்சாலையிலோ அதே இடைவெளிதான் எதிரி: சாலையைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடுதல். சத்தமும் கூடும், டீசலும் கூடும்.

உங்களுக்கு நெடுஞ்சாலை டயரே போதும். வார விடுமுறையில் மண்பாதைக்கும் போகிறீர்கள் என்றால் ஆல் டெரெய்ன் வாங்குங்கள். மழையில் முன்னால் போகும் பைக்குக்குப் பின்னே நிற்கப்போகிற டயரை அழகுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

என் ஹைலக்ஸில் 18 அங்குல ரிம். மலைப்பாதைக் கல்லில் ரிம் அடிபடுகிறது. இன்னும் பெரிய ரிம் போடட்டுமா?
– தேயிலைத் தோட்ட மேலாளர், கோத்தகிரி

எதிர்த் திசையில் போங்கள்! ஹைலக்ஸுக்கு டொயோட்டாவே 265/60 ஆர்18, 265/65 ஆர்17 என்று இரண்டு அளவு கொடுக்கிறது. மொத்த உயரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 17-ல் பக்கச்சுவர் 159-லிருந்து 172 மில்லிமீட்டராகிறது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே கூடுதலாக 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும். ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது, லிஃப்ட்டும் தேவையில்லை.

இங்கே இந்தியாவில் லிஃப்ட் போடுவது சட்டப்படி சரியா?
– வழக்கறிஞர், சென்னை

உங்களுக்கே தெரிந்த சட்டம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் ஆலை குறித்துக் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ(4) பிரிவுப்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே ரெஞ்சைக் கையில் எடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்வியை முன்னதாக நீங்கள் கேட்டுவிடுவது எவ்வளவோ மேல். ஆலை அங்கீகரித்த டயர் அளவு, தரமான ஷாக் அப்சார்பர், இந்த இரண்டிலேயே பெரும்பாலானோரின் தேவை தீர்ந்துவிடுகிறது.

ஸ்பேசர் போட்டால் மலிவாக முடிகிறது. முழு செட்டுக்கு ஏன் அவ்வளவு விலை?
– மெக்கானிக், மதுரை

முன்பக்க ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர் உயரத்தை மட்டும் தருகிறது. ஸ்பிரிங் பழையது, ஷாக் பழையது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஆலை நினைத்ததைவிடக் கீழே போகிறது. அங்கே டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட்டும் பால் ஜாயின்ட்டும் அளவுக்கு மீறி வளைகின்றன. முதலில் கிழிவது ரப்பர் பூட். அதன் வழியே மண் போனால் ஜாயின்ட் போச்சு.

முழு செட் என்றால் புதிய காயில், அதற்கு இசைந்த ஷாக், பின்னால் புதிய பட்டை செட். 2 அங்குலத்துக்குள் நிறுத்துவது இந்த வகை முன் சஸ்பென்ஷனுக்கு நல்லது. அதற்கு மேல் போனால் மேல் கன்ட்ரோல் ஆர்மும் மாற்ற வேண்டிவரும், ஏனென்றால் உயர்த்தும்போது காஸ்டர் கோணம் குறைகிறது. அது குறைந்தால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. எந்த செட் போட்டாலும் வீல் அலைன்மென்ட் செய்யாமல் வண்டியை வாடிக்கையாளர் கையில் கொடுக்காதீர்கள்.

லிஃப்ட் போட்ட பிறகு பலரும் மறந்துவிடும் வேலை எது?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

ஹெட்லைட்டைத் தாழ்த்துவது. எதிரே வருபவர் கண் கூசினால் உங்களுக்கும் ஆபத்துதான். ராத்திரி முழுக்க அந்த வெளிச்சத்தை முகத்தில் வாங்கும் நீங்கள் கேட்டதற்கு நன்றி.

33 அங்குல டயர் போட்டதிலிருந்து மைலேஜ் பயங்கரமாக இறங்கிவிட்டது. இஞ்சின் கெட்டுவிட்டதா?
– கிரானைட் வியாபாரி, கிருஷ்ணகிரி

இஞ்சின் நலம். ஒரு பங்கு கனமான டயரின் வேலை, இன்னொரு பங்கு உங்கள் மீட்டரின் வேலை. நீங்கள் போட்டிருப்பது 285/70 ஆர்17 என்றால் அதன் உயரம் 831 மில்லிமீட்டர். பழைய 776-ஐவிட 7 சதவீதம் அதிகம். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடுகிறது, ஆனால் மீட்டர் பழைய கணக்கையே எழுதுகிறது. 107 கிலோமீட்டர் ஓடியதை 100 என்று காட்டினால் மைலேஜ் குறைந்ததாகத்தானே தெரியும்?

அதைவிட முக்கியம்: முள் 100-ல் நிற்கும்போது நீங்கள் போவது 107. பிரேக்கோ பழையதுதான், நிறுத்த வேண்டிய சக்கரமோ கனம் கூடியது. முன்னால் போகும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

நான்கு டயர் மாற்றினால் போதும்தானே? ஸ்டெப்னி பழையதாகவே இருக்கட்டுமே?
– கல்லூரி ஆசிரியை, திருச்சி

பஞ்சர் நாள் பார்த்து வருவதில்லை. நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் முன்னும் பின்னும் வேறுவேறு வேகத்தில் சுழன்று கியர் பாகங்களை முறுக்கும். அதனால் ஐந்தும் ஒரே அளவு. பெரிய ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் அதன் இடத்தில் அடங்குமா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

பாலைவன மணலில் வண்டி புதைந்துவிட்டது. பெரிய டயர் போட்டால் தப்பிக்கலாமா?
– கட்டுமான மேற்பார்வையாளர், துபாய்

உங்களுக்கு வேண்டியது பெரிய டயர் அல்ல, சின்னக் காற்றுமானி. 35 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை 15 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். டயரின் தடம் நீளமாகி, மணலைத் தோண்டாமல் அதன் மேலே நடக்கும். காற்று குறைந்த டயரோடு ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறும் முன் கம்ப்ரசரால் காற்றை நிரப்பிவிடுங்கள்; குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

டாப் கியர் நிகழ்ச்சியில் ஹைலக்ஸுக்கு ராட்சத டயர் போட்டிருந்தார்களே, நாமும் போடலாமா?
– பிளஸ் டூ மாணவர், கோவை

2007-ல் ஒளிபரப்பான அந்தக் காந்த வடதுருவப் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்தது ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் ட்ரக்ஸ் நிறுவனம். ஐஸ்லாந்துக்காரர்கள் 38 அங்குல டயர் போடுவது பனிப்பாறை மேல் போவதற்காக. காற்றை ஒற்றை இலக்கத்துக்கு இறக்கி, வண்டியைப் பனியில் மிதக்க வைக்கிறார்கள். அதற்காக மட்கார்டை வெட்டுகிறார்கள், கியர் விகிதத்தையே மாற்றுகிறார்கள். அவினாசி சாலையில் பனி விழும் நாளில் எழுதுங்கள், விரிவாகப் பேசுவோம்.

என் மகன் தன் டொயோட்டா டகோமாவின் முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தப்போவதாகச் சொல்கிறான்...
– ஒரு தந்தை, சார்லட், வட கரோலினா

அவர் வசிப்பதே அதைத் தடை செய்த மாநிலத்தில்! 2021 டிசம்பர் 1 முதல் அங்கே முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது. காரணம் நியாயமானது: மூக்கு வானத்தைப் பார்த்தால், வண்டிக்கு முன்னால் ஓடிவரும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. பிக்கப் ஆலையிலிருந்து வரும்போதே பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். சுமை ஏறியதும் மட்டமாகிவிடும். இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். வண்டியை நேசிக்கிற பிள்ளை காரணத்தைக் கேட்டுக்கொள்வார்.

வண்டி உயர்ந்ததிலிருந்து மாமியார் ஏற மறுக்கிறார். என்ன செய்வது?
– மருமகள், தேனி

மாமியார் பக்கம்தான் நியாயம். தினமும் வண்டியில் ஏறுகிறவர்களின் முழங்காலைக் கேட்காமல் உயரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. உறுதியான பக்கப்படியும் உள்ளே பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் போட்டுக் கொடுங்கள். பின்கதவும் அதே அளவு உயர்ந்துவிட்டதால் மூட்டை தூக்குபவரின் தோளையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

கையில் பணம் கொஞ்சம்தான். எதில் போடுவது?
– காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

முதலில் நல்ல டயர் ஐந்து. மிச்சமிருந்தால் காற்றுமானியும் கம்ப்ரசரும். அதற்கும் மேலே இருந்தால் ஷாக் அப்சார்பர். லிஃப்ட் கடைசி. அது தேவையா என்று யாரையும் கேட்க வேண்டாம். ஒரு வருடம் வழக்கம்போல ஓட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து இஞ்சினுக்குக் கீழே உள்ள காப்புத் தகட்டைப் பாருங்கள். தகடு முழுக்கக் கீறலும் நசுங்கலும் என்றால், ஆர்.டி.ஓ.விடம் கேட்டுக்கொண்டு லிஃப்ட் போடுங்கள். புதிதாகவே இருந்தால் அந்தப் பணத்தை வியாபாரத்தில் போடுங்கள். உங்கள் பாதைக்கு அந்த உயரம் தேவையே இல்லை.